கம்பமும் மகர ஈறும்: கணிப்பொறியிற் சொன்மாற்று விதிகள்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட பள்ளத்தாக்கினைக் 'கம்பம் பள்ளத்தாக்கு' என்றும் 'கம்பப் பள்ளத்தாக்கு' என்றும் இருவகையாக எழுதுகின்றனர். உரைத்திரளைக் கணிப்பொறியில் ஏற்றி ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு இடர் தருவதாகும். ஒரு வடிவினைத் தேடின் மற்றையது அகப்படாது. இரண்டனையும் ஒன்றாக்க விழைவார் கைக்கொள்ளும் கருவியே ரெகுலர் எக்ஸ்பிரஷன். அதனை ஈண்டு அமைப்புக் கோவை என்பாம். 1956-இல் ஸ்டீபன் கிளீனியின் கட்டுரையிற் கணிதமாக நின்ற இதனை, 1968-இல் கென் தாம்சன் உரைதேடும் கருவியாக்கிக் காட்டினார்.

வேற்றுமைப் புணர்ச்சியில் ஈற்று மகரம் கெட, வருமொழி வல்லினம் மிகும் என்பது தொல்காப்பியப் புள்ளிமயங்கியலானும் நன்னூலானும் பெறப்படும். அதனைக் கோவையாக்கின் 'ம் ([கசதப])' என நிற்கும். சதுர அடைப்பு, அந்நான்கனுள் யாதானும் ஒன்று என்னும் பொருட்டு. பிறை அடைப்பு, அகப்பட்ட எழுத்தை நினைவிற் கொள்ளும். மாற்றாக வருவன அவ்வெழுத்து, புள்ளி, இடைவெளி, மீண்டும் அவ்வெழுத்து. யூனிகோடில் உயிர்க்குறி மெய்யின் பின்னரே தனித்து வைக்கப்படுதலின், 'பெ', 'பூ' முதலியனவும் இதனுள் அடங்கும். கொம்பினை முன்வைத்த தகுதரம் முதலிய பழைய குறிமுறைகட்கு இது முற்றும் பொருந்தாமை காண்க.

சொல்லெல்லை காண்பதிலும் ஓர் இடர் உண்டு. பைத்தான் மொழியின் இயல்பான கருவி புள்ளியைச் சொல்லுறுப்பாகக் கொள்வதில்லை. ஆதலின் 'கம்பம்' என்பது 'கம', 'பம' என இரு துண்டமாகின்றது. புள்ளியிலாத மொழியினர் வகுத்த எல்லை வேறு எங்ஙனம் இருக்கும்! தமிழ்க்குறிகள் அனைத்தையும் சதுர அடைப்பினுள் நாமே சுட்டிவிடின் இக்குறை நீங்கும்.

இதனினும் பெரிது பொருள்பற்றிய இடர். 'கம்பம் சென்றான்', 'கம்பம் சாய்ந்தது' என்பனவற்றையும் அக்கோவை 'கம்பச் சென்றான்', 'கம்பச் சாய்ந்தது' எனத் திரித்துவிடும். எழுத்தை அறியும் கோவை, தொகையையும் எழுவாய்த்தொடரையும் பிரித்தறியாது. ஆகலின் நிலைத்த மாற்றுச்சொல்லை விடுத்து, ஒவ்வோர் இடத்திலும் வருமொழியை நோக்கி முடிவுசெய்யும் சிறு நிரலொன்றை மாற்றாக அமைத்தல் வேண்டும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் இதற்கு இடந்தருகின்றன. 'பள்ளத்தாக்கு', 'சந்தை' முதலிய பெயர்ப்பட்டியலில் வருமொழி இருப்பின் மாற்றுக. இன்றேல் வாளா விடுக.

அங்ஙனம் மாற்றியதும் மூலத்தின் மேற் படியலாகாது. வேறு கோப்பில் நிற்றல் வேண்டும். ஊர்ப்பெயரின் மகரத்தைக் கெடாது நிறுத்தும் இக்கால வழக்கு பிழையன்று, ஆராய்தற்குரிய சான்று என்பது எம் கருத்து. ஒருமுறை திருத்தி அழித்த பின்னர், அவ்வழக்கு இருந்தமையையே பின்வருவார் அறியமாட்டார்.