உள்ளே தங்கும் குழாய்

ஆயுர்வேதத்தின் அறுவை மருத்துவ மூலநூலான சுசுருத சங்கிதை, சிறுநீர்த்தாரை குறுகியவர்களுக்கு நெய் தடவிய குழாயைச் செலுத்தும் முறையைக் கூறுகிறது. ஆனால், அத்தகைய விறைப்பான குழாய்கள் உடலுக்குள் நாள்கணக்கில் தங்க இயலாதவை. ரப்பர் பாலைப் போன்ற நெகிழும் பொருளும், 1930களில் அமெரிக்க மருத்துவர் பிரடெரிக் ஃபோலி உருவாக்கிய பலூன் அமைப்பும் சேர்ந்தே அக்குறையைத் தீர்த்தன. நோயாளிகள் ‘யூரின் டியூப்’ என்று சொல்லும் ஃபோலி கதீட்டரில் இரு வழிகள் உள்ளன. அகன்ற வழியில் சிறுநீர் இறங்க, குறுகிய வழியில் ஏற்றப்படும் 5 முதல் 10 மில்லிலிட்டர் தூயநீர் நுனியருகேயுள்ள பலூனை உப்பச்செய்து குழாயை நழுவாமல் நிறுத்துகிறது.

கருப்பை அகற்றும் அறுவையில் இக்குழாய் இன்றியமையாதது. சிறுநீர்ப்பை கருப்பைக்கு நேர்முன்னே ஒட்டியிருப்பதால், அது நிரம்பியிருந்தால் கத்திபடும் ஆபத்து உண்டு. முதுகில் போடும் மரப்பு ஊசியால் சிறுநீர் முட்டும் உணர்வு சில மணிநேரம் மறைந்துவிடுவதால், அறுவைக்குப் பின்னும் சிறுநீர்ப்பை அளவுமீறி விரிந்து அதன் தசை தளரக்கூடும். குழாயோடு இணைத்த சேகரிப்புப் பையில் சேரும் சிறுநீரின் அளவு குறைவதும் அதில் இரத்தம் கலந்திருப்பதும் மருத்துவருக்கு முன்னெச்சரிக்கைகளாகும்.

எனினும், தங்குவதே இதன் தீங்குமாகும். பெண்களின் சிறுநீர்த்தாரை ஏறத்தாழ 4 சென்டிமீட்டரே நீளமுடையதாதலால், குழாயின் சுவரைப் பற்றிக் கிருமிகள் எளிதில் மேலேறுகின்றன. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு என மதிப்பிடப்படுகிறது. ஆகவே, சிக்கலற்ற அறுவைக்குப் பின் அன்றோ மறுநாளோ குழாயை எடுத்துவிடுவதே சரியான முறை. சிறுநீர்ப்பையில் காயம்பட்டுத் தைத்தவர்களுக்கும், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான விரிவான அறுவையில் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அது நாள்கள், சிலவேளை வாரங்கள் நீடிக்கிறது. குழாய் இருக்கும்வரை சேகரிப்புப் பை இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும்.

குழாயை எடுத்தபின் சில மணிநேரத்திற்குள் சிறுநீர் தடையின்றிப் பிரிய வேண்டும். பிரியாவிட்டாலும் சொட்டுச் சொட்டாகவே வந்தாலும் கூச்சத்தால் மறைக்காமல் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும். ஸ்கேன் மூலம் எஞ்சிய அளவை அறிந்து, தேவையானால் மீண்டும் வடித்துவிடலாம். மருத்துவர் காலையில் பார்வையிட வரும்போது, குழாய் இன்னும் தேவைதானா என்று நோயாளியோ உடனிருப்பவரோ தயங்காமல் கேட்க வேண்டும்.