வழக்கு இருந்தது, ஆகவே வேலை இல்லை!

தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை, பல்லாவரத்திலிருந்து மறைமலைநகர் வரை, வேலை கேட்டுப் போகிற உழைப்பாளியிடம் இன்று மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். என்ன படித்தாய்? என்ன தொழில் தெரியும்? உன்மீது வழக்கு உண்டா? முதல் இரண்டுக்கும் அவனே பதில் சொல்லிக்கொள்ளலாம். மூன்றாவதற்குப் போலீஸ் சான்றிதழ்தான் பேசவேண்டும்!

சானடோரியம் ஏற்றுமதி வளாகத்துக்கு ஆள் அனுப்புகிற ஒப்பந்தக்காரர் கேட்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவலாள் கொடுக்கும் நிறுவனம் கேட்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையிலே கணினிக் கம்பெனிக்கு வண்டி ஓட்டப் போனாலும் கேட்கிறார்கள்.

கேட்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூட வண்டி ஓட்டப் போகிறவன் யார் என்று விசாரிக்கத்தான் வேண்டும். நம் பிள்ளைகளும் அந்த வண்டியிலேதானே போகிறார்கள்! நாம் கேட்பது வேறு. விசாரிப்பது எதை? தண்டனையையா, வழக்கையா?

முதல் தகவல் அறிக்கை என்கிறார்களே, அந்தப் பெயரே சொல்லுகிறது: அது முதல் தகவல், முடிவான தகவல் அல்ல. ஒருவர் சொன்னார், நிலையத்தில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். குழாயடிச் சண்டைக்கும் அது எழுதப்படும். தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு சாலையில் உட்கார்ந்தாலும் எழுதப்படும். 2024 செப்டம்பரில், சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, 16ஆம் தேதி காஞ்சிபுரத்தில் ஊர்வலம் புறப்பட்டவர்களிலே நூறு பேருக்குமேல் பிடித்து வைக்கப்பட்டார்கள். ஊர்வலம் போனவன் நாளை வேறு ஆலையின் வாசலில் நின்றால், அவனைத் திருடனோடு ஒரே வரிசையில் நிறுத்துவதா?

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர் 5,73,220 பேர். அவர்களிலே 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை! தீர்ப்பு வந்து விடுதலையாகி வீட்டுக்கு வருகிறவனுக்கும், வழக்கு இருந்தது என்ற பெயர் மட்டும் போவதில்லை.

போதாக்குறைக்கு, நீதிமன்ற வழக்குப் பட்டியல்களெல்லாம் இப்போது கணினியில் ஏறிவிட்டன. ஆள் விசாரிப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் பெயரைத் தட்டிப் பார்க்கின்றன. நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்துதான் உண்டு. தாம்பரத்தில் எத்தனை செல்வம்! அவர்களிலே முருகன் மகன் செல்வம் எத்தனை பேர்! எந்தச் செல்வத்தின் வழக்கு எந்தச் செல்வத்தின் சோற்றில் மண் போடுகிறதோ!

சட்டம் என்ன சொல்கிறது? தனியார் காவல் நிறுவனங்களுக்கென 2005இல் வந்த சட்டம், நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரைக் காவலாளாக வைக்கக்கூடாது என்கிறது. நடத்தையை விசாரிக்கவும் சொல்கிறது. ஆனால் வழக்கு இருந்தாலே ஆகாது என்று சொல்லவில்லை. 2016இல் அவதார் சிங் வழக்கிலே உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், இளமையில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவன் மறைத்திருந்தால்கூட, அதைப் பொறுத்துக்கொண்டு வேலை தரலாம் என்றார்கள். பெரிய குற்றத்தை மறைத்தால் அது வேறு கதை. ஆனால் அந்தத் தீர்ப்பு எழுந்தது அரசு வேலை பற்றி. ஒப்பந்தக்காரர் தீர்ப்பா படிக்கிறார்? "கேஸ் இருக்கா? அடுத்த ஆளைக் கூப்பிடு!" முடிந்தது விசாரணை.

அரசின் வீட்டிலும் கோணல் உண்டு. தமிழ்நாட்டுக் காவல்துறைப் பணி விதிகளிலே ஒரு விளக்கம்: சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்ந்ததால் விடுதலையானவரும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளப்படுவார். 2008இல் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு இதை ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் போ என்று சொன்ன பிறகும் விதி நில் என்கிறது!

தமிழ்நாட்டுக்கு இது பழைய வலி. வெள்ளையர் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. ராதாரிச் சீட்டு இல்லாமல் வெளியூர் போக முடியாது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஒழிந்த சீட்டு வேறு பெயரில் ஆலை வாசலுக்கு வருமானால் நாம் பார்த்துக்கொண்டிருப்பதா?

இங்கிலாந்திலே 1974இல் ஒரு சட்டம் செய்தார்கள். தண்டனையே பெற்றவன்கூட, குறித்த காலம் ஒழுங்காக வாழ்ந்துவிட்டால், பெரும்பாலான வேலைகளுக்கு அந்தத் தண்டனையைச் சொல்லவேண்டியதில்லை. அமெரிக்காவின் ஹவாயில் 1998 முதல், வேலை தருவதாக முதலில் சொல்லிவிட்டுத்தான் தண்டனை பற்றிக் கேட்கலாம். இங்கோ விடுதலையானவனுக்கே வழியில்லை!

நாம் கேட்பது அதிகமல்ல. சான்றிதழில் தண்டனை மட்டும் இடம்பெறட்டும். அதுவும் கேட்கிற வேலைக்குச் சம்பந்தம் இருந்தால் மட்டும் தடையாகட்டும். வேலை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். சான்றிதழ் கேட்கிற முதலாளியே அதற்குக் கட்டணம் கட்டட்டும்.

அதுவரை தோழர்கள் ஒன்று செய்யலாம். படிவத்திலே கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்தால் அதுவே புதுக் குற்றமாகிவிடும். விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். மனு எழுதத் தெரியாத தொழிலாளிக்குப் பெருங்களத்தூரிலும் குரோம்பேட்டையிலும் உள்ள கிளைத் தோழர்கள் எழுதிக் கொடுக்கவேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.