சொன்ன நாளில் இயந்திரம் ஓட வேண்டும்

வெங்காயத்துக்குத் தண்ணீர் தப்பினால் என்ன நடக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. இடம்பெயர்ந்த இடத்தில் பிறர் காணியைக் குத்தகைக்கு எடுத்து, நகையை ஈடு வைத்து நட்ட பயிர் அது. அந்த நேரத்தில் நீரிறைக்கும் இயந்திரம் நின்றுவிட்டால், திருத்துபவரின் "நாளைக்கு வாறன்" என்ற சொல்லிலேயே அந்தப் போகம் தங்கியிருக்கிறது.

அப்படியொரு சொல்லை நாமும் ஒருமுறை தவறவிட்டோம். வேறொரு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசியில் அழைப்பு வந்தது. கையெல்லாம் கிறீஸ். எழுதி வைக்கவில்லை, மறந்துவிட்டோம். மூன்றாம் நாள் அந்த அம்மா சயிக்கிளில் வந்து நின்றார். ஏசவில்லை. "கிணத்தில தண்ணி இருந்தும் பயிர் வாடிப்போச்சு, தம்பி" என்றார். அன்றுதான் பதிவு வைப்பதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினோம்.

திருத்தும் கலை எம்மவருக்குப் புதிதல்ல. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சயிக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கைத்திறன் இருந்தது. கணக்கு மட்டும் தலைக்குள்ளேயே இருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது, இருந்த ஒரேயொரு கடன் கொப்பியும் கடையிலேயே கிடந்தது.

எதை எழுத வேண்டும்?

மென்பொருளைத் தேடுமுன் ஒரு கொப்பியில் கோடு போடுங்கள். திகதி, பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், இயந்திரத்தின் வகை, குறைபாடு, போவதாகச் சொன்ன நாள், மாற்றிய பாகம், கூலி, மீதிக் கடன். இவ்வளவும் போதும்.

குறைபாட்டை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். "ஓடுது, தண்ணி வரேல்லை" என்றால் கிணற்றுக்குள் இருக்கும் அடி வால்வு ஒழுகலாம், அல்லது உறிஞ்சும் குழாயில் காற்றுப் புகலாம். "ஸ்ராட் வரேல்லை" என்றால் பிளக்கையோ காபரேற்றரையோ பார்க்க வேண்டும். எழுதி வைத்தால் சரியான பாகத்தோடு போகலாம். இரண்டாம் பயணத்தின் எரிபொருள் மிச்சம்.

எந்த மென்பொருள்?

கொப்பி நிறைந்து, பழைய பதிவைத் தேட முடியாத நிலை வரும்போதே மென்பொருள் தேவைப்படும். பணம் கொடுக்காமலே பெறக்கூடியவை உள்ளன.

பழைய கணனி ஒன்று இருந்தால் லிப்ரே ஒபிஸ் போதும். அதிலுள்ள கல்க் என்ற அட்டவணைக்கு இணையம் தேவையில்லை. கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்களுக்குக் கூகுள் சீட்ஸ் உதவும். வீட்டில் இருப்பவர் அழைப்பை எழுத, தோட்டத்தில் நிற்பவர் அதைப் பார்க்கலாம்.

2018இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் வாடிக்கையாளருக்கு அடையாளம் ஒட்டலாம். "வேலை முடியவில்லை", "காசு வரவில்லை" என்று பிரிக்கலாம். ஆனால் ஓர் இயந்திரத்துக்கு முன்பு என்ன செய்தோம் என்பதை அதில் தேடுவது கடினம். அதனால் அட்டவணையும் வேண்டும்.

ஈஆர்பி நெக்ஸ்ட், ஓடூ என்பவை பெரியவை. ஈஆர்பி நெக்ஸ்டில் பராமரிப்பு வருகைகளைப் பதிய வசதி உண்டு, மூலநிரல் இலவசம். ஆனால் அதனை நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஓடூவில் வெளிவேலைக்கான பகுதி கட்டணப் பதிப்பிலேயே உள்ளது. பலர் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக்கு இவை பொருந்தலாம்; ஒருவர் கடைக்கு இவை சுமை.

வாங்குமுன் கேளுங்கள்

கட்டணம் டொலரிலா? 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், சில மாதங்களில் 360 ரூபாவரை ஏறியது. மாதம் 10 டொலர் என்றால், 2,000 ரூபாவாக இருந்த செலவு 3,600 ஆகிவிடும். திருத்தற் கூலியை அப்படி உயர்த்த எம்மால் முடியுமா?

சமிக்ஞை இல்லாத தோட்டவெளியில் வேலை செய்யுமா? தமிழில் எழுதலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, பதிவுகளைச் சாதாரண அட்டவணையாக வெளியே எடுக்க முடியுமா? முடியாவிட்டால் இலவசமென்றாலும் வேண்டாம். விட்டுவிட்டு ஓடுவதன் விலை எமக்குத் தெரியும். மாதம் ஒருமுறை ஒரு பிரதியை வேறிடத்தில் வையுங்கள். மற்றவரின் பெயரும் இலக்கமும் கடன் விபரமும் அதில் இருப்பதால் தொலைபேசிக்குப் பூட்டும் அவசியம்.

ஒரு மாதம் கொப்பியையும் மென்பொருளையும் பக்கத்தில் வைத்து நடத்திப் பாருங்கள். எதில் ஓர் அழைப்புக்கூடத் தவறவில்லையோ அதுவே உங்களுக்கு ஏற்றது. அது கொப்பியாகவே இருந்தாலும் வெட்கமில்லை.

நாம் இப்போது கை கழுவுமுன்பே எழுதுகிறோம். அட்டவணையின் ஓரத்தில் கிறீஸ் படிந்த கொப்பியொன்றும் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் அதன் முதல் வரியில் உள்ளது.