அவரையே கேட்போம்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு வருவோர், ஏரியையும் காப்பித் தோட்டங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். சாலைக்கு அப்பால், சேர்வராயன் மலைச்சரிவுச் சிற்றூர்களில் நடக்க இயலாது வாழ்வோரை அவர்கள் காண்பதில்லை. ஆய்வாளரும் அவர்களைக் காண்பது அரிது.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் நூற்றுக்கு 69 பேர் கிராமத்தார். மறுவாழ்வு ஆராய்ச்சியோ பெரும்பாலும் மருத்துவமனையை எட்டியவர்களைக் கொண்டே நடைபெறுகின்றது. மலையிறங்க இயலாதவர் அதில் இடம்பெறுவது எங்ஙனம்? சமதளத்தில் சோதித்த சக்கர நாற்காலி கரடுமுரடான ஒற்றையடிப் பாதையில் உதவுமா? இதற்கு விடை கூற வல்லவர் அப்பாதையில் வாழ்பவரே.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையாரை இங்கு நினைவுகூர்வோம். 1954-இல் நேர்ந்த வாகன விபத்தால் அவர் நடக்கும் ஆற்றலை இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் திறக்கப்பெற்றது. படிக்கட்டு எத்தகைய தடை என்பதை ஏட்டில் படித்தன்று, தம் உடலால் அறிந்தவர் அவர். நோயாளியாயிருந்தவரே நெறிகாட்டியானார்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே கலந்தாலோசித்தல் வேண்டுமென்பது ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை. இந்தியா அதனை 2007-இல் ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டதுடன், மறுவாழ்வு ஆராய்ச்சியை அரசின் கடமையாகவும் ஆக்கியது.

ஆயினும், சட்டம் நம் வீட்டு வாயிலோடு நின்றுவிடுகின்றது. விவரம் கேட்டு வருவோர்க்குத் தந்தையோ தமையனோ விடை கூறி அனுப்பிவிடுகிறோம். உள்ளே அமர்ந்திருக்கும் மகளின் பெயர் ஏட்டில் ஏறுகின்றது. அவள் எண்ணம் ஏறுவதில்லை. அவளுக்கு வேண்டியது ஊன்றுகோலா, கழிப்பறைக்குச் செல்லப் படியற்ற வழியா, கைத்தொழிலா என்பதை அவளன்றோ அறிவாள்?

அன்பார்ந்த குடும்பத்தாரே, இனி எவரேனும் விவரம் கேட்டு வந்தால் நாம் முந்திக்கொண்டு பேசாதிருப்போம். வந்தவரை உள்ளே அழைத்து அவள் அருகில் அமர்த்துவோம். பேச இயலாதவராயின் சைகைக்கும் முகக்குறிப்புக்கும் பொறுத்திருப்போம். மலையுச்சி வீட்டுக்கு வழி கேட்டால் உடன் நடந்து காட்டுவோம். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகின்றது.