யார் பெயரில் மன்னிப்பது?

2015 ஏப்ரலில் ஜெர்மனியின் லூனபர்க் நகரில் ஒரு வழக்கு தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர் 93 வயது ஆஸ்கர் க்ரோனிங். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் ரயிலில் வந்திறங்கிய யூதர்களிடம் பறித்த பணத்தை எண்ணிக் கணக்கெழுதிய நாஜி எஸ்.எஸ். படைக்காரர். சாட்சி சொல்ல வந்த 81 வயது ஏவா கோர் நேராக அவரிடம் போய்க் கை கொடுத்தார். கிழவர் அவரை அணைத்து முத்தமிட்டார். அந்தப் படம் உலகமெங்கும் போனது.

1944 மே மாதம் ஆஷ்விட்ஸில் இறங்கியபோது ஏவாவுக்கும் அவருடைய இரட்டைச் சகோதரி மிரியமுக்கும் வயது பத்து. "இரட்டைப் பிள்ளைகளா?" என்று ஒரு படைக்காரன் கேட்டான். "இரட்டையராக இருப்பது நல்லதா?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். அவன் தலையசைக்க, ஆமாம் என்றார். அத்தோடு பிரித்துவிட்டார்கள். அம்மா, அப்பா, இரண்டு அக்காக்கள், யாரையும் ஏவா பிறகு பார்க்கவில்லை. இரட்டையரை வைத்துச் சோதனை நடத்திய டாக்டர் மெங்கலேயிடம் சகோதரிகள் சிக்கினார்கள். என்ன மருந்து ஏற்றினார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. மிரியமின் சிறுநீரகங்கள் பத்து வயதுக்குமேல் வளரவே இல்லை. 1987இல் ஏவா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தும், 1993இல் மிரியம் இறந்துபோனார்.

1995 ஜனவரியில், முகாம் விடுவிக்கப்பட்ட 50ஆம் ஆண்டு நாளில், அதே ஆஷ்விட்ஸில் நின்று ஏவா நாஜிகளை மன்னிப்பதாக அறிவித்தார். தன் பெயரில் மட்டும் என்றார். மெங்கலேயின் பிடி தன்மேல் இனி இல்லை என்பதுதான் அவர் கண்ட விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

ஆனால் லூனபர்க் வழக்கில் இணைந்திருந்த 49 பேர் சார்பில் ஒரு மறுப்பு வந்தது. எங்கள் உறவினர்களின் கொலையில் பங்கெடுத்தவரை எங்களால் மன்னிக்க முடியாது. எங்களுக்கு வேண்டியது நீதி என்றார்கள். என் மனம் இவர்கள் பக்கமே சாய்கிறது. ஏவா தான் மன்னித்ததோடு நிற்கவில்லை, போகுமிடமெல்லாம் மற்றவர்களையும் மன்னிக்கச் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்த உலகமும், 'அவரால் முடிகிறதே, உங்களுக்கென்ன?' என்று மற்றவர்களைக் கேட்கத் தொடங்கியது. தாயைப் பறிகொடுத்தவரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. மிரியம் மன்னித்திருப்பாரா? அவரிடம் இனி யாரும் கேட்க முடியாது. அக்காக்களிடமும் முடியாது. கொலையில் மன்னிக்கும் உரிமை முதலில் யாருக்கு உண்டோ, அவர்தான் அங்கே இல்லை.

இதைக் க்ரோனிங்கே ஓரளவு உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது. தார்மிகக் குற்றத்தை ஏற்றுக்கொண்ட அவர், பிழைத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தனக்கு அருகதை இல்லை, கடவுளிடம் மட்டுமே கேட்க முடியும் என்றார். 3,00,000 பேரின் கொலைக்கு உடந்தை என்று ஜூலையில் நீதிமன்றம் நான்காண்டு சிறை விதித்தது. சிறைக்குப் போகாமலே 2018இல் இறந்தார்.

ஏவா மன்னித்தது தன் ஒருத்தியின் பெயரில். ஓர் அரசாங்கமே நாட்டின் பெயரில் மன்னிக்க முன்வந்தால்? 1996இல் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி ஆட்சியின் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பம் அதை எதிர்த்து அரசியலமைப்பு நீதிமன்றத்தின் படியேறியது. அந்த வழக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)