விடுமுறைக்கு எங்கே போனாய்?



ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தமிழ் வகுப்பில் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். 'கோடை விடுமுறையை நான் கழித்த விதம்' என்று கரும்பலகையில் தலைப்பு விழும். ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். ஏழாம் வகுப்பில் நான் ஊட்டியைப் பற்றி எழுதினேன். தொட்டபெட்டா, படகு இல்லம், பூங்கா என்று எதையும் விடவில்லை. பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊட்டிக்குப் போனதே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு எழுதியது அது.

நம்ம தீவில் நிறைய வீடுகளில் மே மாசம் எங்கேயும் போக முடியாது. காரணம் உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் இது தொடங்கியபோது 45 நாள்தான். 2017இல் 61 நாளாக ஆக்கினார்கள். நமக்கு லீவு விடும்போது அப்பாவுக்கும் வேலை இருக்காது. அரசு நிவாரணம் கொடுத்தாலும் கை கடிக்கத்தான் செய்யும். இதில் ஊட்டி எங்கே, கொடைக்கானல் எங்கே?

போன வருஷம் பழைய நோட்டுகளை எடைக்குப் போட எடுத்தபோது அந்த ஊட்டிக் கட்டுரை அப்பா கண்ணில் பட்டுவிட்டது. முழுசாகப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஊட்டில ரொம்பக் குளிரா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தியா பூரா இருந்து ஜனங்க பார்க்க வர்ற ஊர்ல இருக்கோம். நாம பார்த்திருக்கோமா? நாளைக்குக் காலைல எல்லாரும் கிளம்புங்க" என்றார்.

அந்த மே மாசம் அப்பா, அம்மா, அப்பத்தா, தம்பி, நான் ஐந்து பேரும் பார்த்ததையும் செய்ததையும் கீழே எழுதியிருக்கிறேன். எதற்கும் பெரிய செலவு கிடையாது. நீங்களும் போகலாம்.

1. பாம்பன் பாலம்

காலை 6 மணிக்கே போய்விடுங்கள். சாலைப் பாலத்தின் நடைபாதையில் நின்றால் இரண்டு கடலும் ஒரே நேரத்தில் தெரியும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மே மாசத்தில் தெற்கே அலை அடிக்கும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். ஏன் தெரியுமா? அப்போது காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. தெற்குக் கரையில் நேராக மோதுகிறது. வடக்குப் பக்கத்தை நம்ம தீவே மறைத்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வந்ததும் இது தலைகீழாக மாறிவிடும்.

பழைய ரயில் பாலம் 1914இல் திறந்தது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து கை கூப்பினதைத் திறப்பது போல மேலே போகும். அதை ஆட்களே கையால் இயக்கினார்கள். 2022 டிசம்பர் வரை அதில் ரயில் ஓடியது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிரியாமல் அப்படியே மின்தூக்கி மாதிரி 17 மீட்டர் உயரத்துக்குப் போகும். மோட்டார்தான் தூக்குகிறது. தம்பி, "இது ரயிலுக்கு லிப்ட்டா?" என்றான். "இல்லடா, கப்பலுக்கு வழி" என்றார் அப்பா.

2. கடல் வத்தும்போது கரையில் நடப்பது

கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வத்தும். இந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நிலா பூமியைச் சுற்றிக்கொண்டே இருப்பதால் இப்படி. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே வரிசையில் நின்று இழுப்பதால் அன்றைக்கு ரொம்ப ஏறும், ரொம்ப வத்தும். ஆகவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வத்துகிற நேரம் பார்த்துப் போங்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடப்பதெல்லாம் பாசி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாதான் பிரித்துக் காட்டினாங்க. வேரும் நீட்டு இலையும் இருந்தால் அது கடல்புல். கடலுக்குள்ளேயே பூப்பூக்கும். கடல்பசு அதைத்தான் மேய்கிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. உண்மையான வேர் இல்லாமல் பாறையைப் பற்றி வளர்வது பாசி. அதில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி இரண்டிலிருந்தும் அகர் அகர் எடுக்கிறார்கள். நோன்பு நேரத்தில் தோழி வீட்டிலிருந்து கடல்பாசி இனிப்பு வருமே, அது அகர் அகரில் செய்வதுதான். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பாசி எடுக்கப் போனவங்க என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. பவளம், கடல்குதிரை, கடல் அட்டை இவற்றை எடுப்பது சட்டப்படி குற்றம்.

3. வலையும் ஊசியும்

தடைக்காலத்தில் படகைக் கரையில் ஏற்றிப் பெயிண்ட் அடிப்பார்கள், வலையைச் சரி பார்ப்பார்கள். ஒரு நாள் எங்களையும் உட்காரவைத்தார் அப்பா. கிழிந்த இடத்தை முதலில் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டுமாம். எனக்கு ஆச்சரியம். பிசிறாக இருந்தால் முடிச்சு நிற்காது, கண்ணியின் ஓரம் சுத்தமாக இருந்தால்தான் புது நூல் சேரும் என்றார். ஒவ்வொரு கண்ணியும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கண்ணி சின்னதானால் மீன்குஞ்சும் மாட்டிக்கொள்ளும், அடுத்த வருஷத்துக்கு மீன் இருக்காது. அரை மணி நேரத்தில் நான் நாலு கண்ணி போட்டேன். அப்பா அதைப் பிரித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்!

4. ராத்திரி வானம்

இதற்குக் காசே வேண்டாம். மே மாசம் இரவு 9 மணிக்கு விளக்கு வெளிச்சம் இல்லாத கரையில் பாய் விரித்துப் படுங்கள். வடக்கே ஏழு நட்சத்திரம் அகப்பை மாதிரி தெரியும். அது சப்தரிஷி மண்டலம். அகப்பையின் முன்பக்கத்து இரண்டு நட்சத்திரங்களையும் ஒரு கோடாக இணைத்து, அந்தக் கோட்டை ஐந்து மடங்கு நீட்டினால் துருவ நட்சத்திரம். நம்ம ஊரில் அது அடிவானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த ஒரு முஷ்டி உயரம்தான். ஏனென்றால் துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ அதுவே அந்த ஊரின் அட்சரேகை. ராமேசுவரம் சுமார் 9 டிகிரி, சென்னை 13 டிகிரி. சமூக அறிவியலில் மனப்பாடம் செய்த அட்சரேகை இதுதானா என்று இருந்தது எனக்கு.

அப்படியே தெற்கே திரும்புங்கள். நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கும். அதன் பெயர் தென்சிலுவை. டெல்லியில் இருப்பவர்களுக்கு இது முழுசாகத் தெரியாது. நமக்கு இரண்டும் ஒரே ராத்திரியில் தெரியும். "ஜி.பி.எஸ். வர்றதுக்கு முன்னாடி உங்க தாத்தா இதைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தாரு" என்றார் அப்பா.

5. பேக்கரும்பு

நம்ம தீவில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் ஐயாவின் நினைவிடம் பேக்கரும்பில் 2017 ஜூலை 27இல் திறக்கப்பட்டது. ராக்கெட் மாதிரிகள் தம்பிக்கு ரொம்பப் பிடித்தன. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகளை வீசிவிட்டுப் போவார்கள். அதைப் பொறுக்கிக் கொடுத்துத்தான் சிறுவன் கலாம் முதல் சம்பளம் வாங்கினார். உச்சி வெயில் நேரத்துக்கு ஏற்ற இடம் இது, உள்ளே நிழல்.

6. தனுஷ்கோடி

கடைசியாகப் போனது இங்கே. ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை சுமார் 20 கிலோமீட்டர். 2017இல்தான் முனை வரை சாலை வந்தது. எங்க அப்பத்தா பிறந்தது தனுஷ்கோடியில். ஆனால் சாலை வந்த பிறகும் ஒரு தடவைகூடப் போனதில்லை. "எனக்கு எதுக்கு, நீங்க போங்க" என்றுதான் சொன்னாங்க. தம்பி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

1964க்கு முன்னால் அது பெரிய ஊர். ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னாருக்குப் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையே கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் இரும்புக் கர்டர்களும் விழுந்தன. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைச் சரி செய்தார்கள். ஊரை மட்டும் சரி செய்ய முடியவில்லை.

அப்பத்தாவுக்கு அப்போது பத்து வயசு. அன்றைக்கு ராமேசுவரத்தில் மாமா வீட்டில் இருந்ததால் தப்பித்தாங்க. இடிந்த சுவர்களுக்கு நடுவே மெதுவாக நடந்தவங்க ஒரு இடத்தில் நின்னுட்டாங்க. "இதுதான் எங்க பள்ளிக்கூடம். இங்கதான் மணி தொங்கும். நான் ரெண்டாவது பெஞ்சு" என்றாங்க. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாங்க. ஏழு பெயர். அப்பா அதுவரைக்கும் அதைக் கேட்டதே இல்லையாம். இருபது வருஷமாக அந்தக் கடலில் தொழில் செய்கிறவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அங்கே இன்னொரு அதிசயமும் இருக்கிறது. கடலுக்குப் பக்கத்திலேயே மணலில் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் அது கனம். மழைத் தண்ணீர் லேசு. அதனால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். அப்பத்தாவே ஒரு ஊற்றில் தண்ணீர் அள்ளி எல்லாருக்கும் கொடுத்தாங்க. "அதே ருசி" என்றாங்க.

மறக்கக் கூடாதவை

* அரிச்சல்முனையில் குளிக்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம், நீரோட்டம் இழுத்துவிடும். நீச்சல் தெரியும் என்று பெருமை பேச வேண்டாம்.
* காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும் கரைக்குப் போங்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள்.
* செருப்பு இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். கல் கிழிக்கும், திருக்கை மிதிபடும். சொறி கரையில் செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள், அப்போதும் அரிக்கும்.
* சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.
* அம்மாவுக்கும் லீவு வேண்டும். போகிற நாளில் பாத்திரம் கழுவுவது நம் வேலை.

ஜூன் மாசம் வழக்கம்போலத் தலைப்பு விழுந்தது. நான் இதையெல்லாம் மூன்று பக்கம் எழுதினேன். எட்டு மதிப்பெண்தான் கிடைத்தது. எழுத்துப்பிழைக்கு இரண்டு போய்விட்டது. பொய் ஊட்டிக்கு ஒன்பது, நிஜ ஊருக்கு எட்டு! ஜூன் 15ஆம் தேதி கடலுக்குப் போவதற்கு முன்னாடி அப்பா அந்த நோட்டை வாங்கிப் படித்தார். "வெயிலா இருந்துச்சுன்னு எழுதிருக்கே. சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

என்ன நண்பர்களே, இந்த மே மாசம் நீங்க எங்கே போகப் போறீங்க? முதலில் வீட்டில் இருக்கும் பெரியவங்ககிட்ட, அவங்க எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாங்கன்னு கேளுங்க. போக வேண்டிய இடம் அங்கேயே கிடைக்கும்.



ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி