கிரைய உடன்படிக்கை
கிரைய உடன்படிக்கை என்பது வீடு, மனை முதலிய அசையாச் சொத்தைக் குறித்த விலைக்கு, குறித்த கெடுவுக்குள் விற்கவும் வாங்கவும் இரு தரப்பினர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் ஆகும். இந்தியாவில் 1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 54 ஆம் பிரிவின்படி, இவ்வுடன்படிக்கை தன்னளவில் வாங்குபவருக்குச் சொத்தில் எவ்வித உரிமையையும் அளிப்பதில்லை. பதிவு செய்யப்பட்ட கிரையப் பத்திரத்தாலேயே வீட்டின் உரிமை மாறுகிறது. ஆகவே முதன்முறையாக வீடு வாங்குபவர், முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே மூலப்பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

உடன்படிக்கையில் நான்கெல்லை, பரப்பளவு, மொத்த விலை, முன்பணம், கெடு, நிலுவையிலுள்ள அடமானத்தைத் தீர்க்கும் பொறுப்பு ஆகியன தெளிவாக இடம்பெற வேண்டும். வங்கிக்கடன் கிடைக்காவிடின் முன்பணம் திருப்பித் தரப்படுமா என்பதையும் எழுதிக்கொள்ளுதல் நன்று. விற்பவர் கிரையம் செய்துதர மறுத்தால், குறித்த கெடுவிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வாங்குபவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். தமிழ்நாட்டில் 2012 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இவ்வுடன்படிக்கையைப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியது.